தொண்ணூற்றொன்பது

நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
சாட்ஸ்வொர்த் சந்தையில் வெள்ளியும் சனியும்
மூன்று மாதம் நின்று வாங்கியவை.
சிலவற்றில் இன்னும் மல்லித்தழை வாசம்.
ஒன்றில் மீன்காரரின் கட்டைவிரல் ரேகை,
"மாதந்தோறும் சேமிக்கிறேன்" என்ற வரியின் மேலேயே.

டர்பன் நகரக் குடும்பங்களின் நிதி நடத்தை:
தலைப்பை எழுதியபோது பெருமையாக இருந்தது.
மேலாண்மைத் துறையில் அதற்கென ஒரு மேசை,
ஒரு ஜன்னல், ஜன்னல் வழியே வந்து
என் மதியச் சாப்பாட்டைத் தணிக்கை செய்யும் குரங்கு.

முப்பதாவது கேள்வி வரை யாரும் தயங்கவில்லை.
சம்பளம் சொன்னார்கள். வாடகை சொன்னார்கள்.
ஈமக் காப்பீடு எத்தனை என்றதும்
விரல் மடக்கி எண்ணினார்கள்: நாலு, இல்லை, ஐந்து.
"சாவுக்கு நான் ரெடி தம்பி,
மாசக் கடைசிக்குத்தான் ரெடியில்லை"
என்றார் பஸ் ஓட்டும் குணரத்தினம் முதலி.

முப்பத்தொன்று:
வீட்டாருக்குத் தெரியாமல் உங்களுக்குக் கடன் உண்டா?
உண்டு என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.

புஷ்பலோசனி படையாச்சியின் பக்கத்தில்
வெங்காய மூட்டையோடு கணவர் நின்றிருந்தார்.
பேனா கட்டத்துக்கு மேல் வந்து,
பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி
சற்று நின்று,
பக்கத்தைத் திருப்பியது.
காவலாளி தெம்பிங்கோசி கேட்டார்:
இந்தத் தாள் வங்கிக்குப் போகுமா?
போகாது என்றேன்.
சரி என்று சொல்லிவிட்டு அவரும் தாண்டிப் போனார்.

இப்படி அறுபத்து மூன்று பேர்.

விடையில்லாத இடத்தில்
தொண்ணூற்றொன்பது என்று இடுவது எங்கள் வழக்கம்.
யாரும் சொல்லியிருக்க முடியாத எண்ணாகப் பார்த்து வைப்பது.
அதை வெற்றிடம் என்று மென்பொருளுக்குச் சொல்ல
ஒருநாள் மறந்துபோனேன்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வரவேண்டிய சராசரி
பதினாறு புள்ளி ஏழு என்று வந்து நின்றது.

முனைவர் நொம்பெலா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.
திருத்தினேன். ஒன்று புள்ளி எட்டு எட்டு.
பெரும்பாலோர் எதையும் ஒளிப்பதில்லை
என்று அதற்குப் பொருள்.
ஆய்வேட்டில் நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம்,
ஒரே வாக்கியம்: அறுபத்து மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன.
நொம்பெலா ஓரத்தில் சரிக்குறி போட்டார்.
எனக்கு அந்தப் பதினாறு புள்ளி ஏழுதான்
தூக்கத்திலும் வருகிறது.

சந்தைக்குப் போகும் முன் வெள்ளோட்டமாகப் பத்துப் படிவங்கள்
வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கொடுத்திருந்தேன்.
பெயர் எழுதக்கூடாது என்பது விதி.
ஆறாவது நான் நிரப்பியது,
எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க.
பதினொரு நிமிடம்.
முப்பத்தொன்று வந்தபோது
அடுப்பில் பால் பொங்கியதாக ஞாபகம்.
தம்பியின் லாரிக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்தும்
லாரியை ஃபைனான்ஸ்காரர்கள் இழுத்துப் போனதும்
என் பல்கலைக்கழக முகவரிக்கு மட்டுமே தெரியும்.

ஏழாவதில் பச்சை மை.
எங்கள் வீட்டில் பச்சை மை தேவரூபியுடையது,
பள்ளியில் கணக்குத் தாள் திருத்துகிறவள்.
எந்தக் கேள்வியையும் விடாதே என்று
பிள்ளைகளை அதட்டுகிறவள்.
முப்பதுக்குக் குறி இட்டிருக்கிறாள்.
முப்பத்திரண்டுக்கும்.
நடுவில் வெள்ளைத் தாள்.

அதற்கும் நான்தான் எண் போட்டேன்.
எனக்குப் போட்ட அதே எண்.

நேற்று இரவு எட்டு மணிக்கு
அட்டவணைப்படி கரண்ட் போனது.
பக்கத்து வீட்டில் யாரோ ஜெனரேட்டரை உதைத்தார்கள்.
பருப்பு ஆறிக்கொண்டிருந்தது.
மெழுகுவர்த்தி இரண்டாவது இழுப்பறையில்,
பழைய ரசீதுகளுக்கு அடியில்.
இருட்டில் இரண்டு நாற்காலிகள் ஒன்றாக நகர்ந்தன.
"நீ இரு, நான் எடுக்கிறேன்" என்றேன்.
"இல்லை, நீங்கள் இருங்கள், நான் எடுக்கிறேன்" என்றாள்,
சற்று அவசரமாக.